நரைத்த பம்பர்

சின்ன முதலாளியின் வெள்ளைக் கார் எங்கள் தோல் கம்பெனிக்கு வந்த புதிதில், முன்னும் பின்னும் இருந்த பம்பர்கள் ஈரத் தார் போலக் கறுப்பாக இருந்தன. குனிந்தால் என் முகம் தெரியும். மூக்கு மட்டும் பெரிதாக, கண்கள் இரண்டும் தூரமாக விலகிப்போய், தண்ணீருக்கு அடியில் வசிக்கிற வேறு ஒரு பெண் போல. காலையில் பினிஷிங் ஷெட்டுக்குள் நுழையும் முன் யாரும் பார்க்காத நேரத்தில் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அது இரும்பு இல்லை, பிளாஸ்டிக். அதுவரைக்கும் கார் பம்பர் என்றால் பளபளக்கும் இரும்பு என்றுதான் ஆம்பூரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் விரலால் தட்டிப் பார்த்தார்கள். காலிக் குடத்தைத் தட்டின மாதிரி சத்தம் வந்ததும் சிரித்தார்கள்.

எண்பத்தாறு, எண்பத்தேழு என்று இரண்டு கோடை போவதற்குள் அந்தப் பெண் காணாமல் போய்விட்டாள். முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு மேல்பக்கம் முழுவதும் வெளுத்தது. காய்ச்சலில் கிடந்தவர்களின் உதடு போல, கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறம். தொட்டால் விரலில் மாவு ஒட்டியது.

அந்தக் காரை ஓட்டுகிறவர் என் அப்பா ஆபேல். பம்பர் வெளுத்ததற்குக் காரணமும் அவர்தான். கம்பெனி முற்றத்தில் ஒரே ஒரு புங்க மரம். அதன் நிழல் இனிமேல் காருக்கு என்று சின்ன முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் மத்தியானத்தில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கேதான். கார் வந்த முதல் நாள், பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளை எடுத்துக்கொண்டு, தோலுக்குப் போடுகிற மருந்து டிரம்கள் அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனதை அப்பா பார்த்தார். மறுநாளிலிருந்து காரை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அது இன்னா சோறா சாப்புடுது? நீங்க உக்காருங்கம்மா" என்றார்.

வெயிலைப் பெயின்ட் தாங்கியது, கண்ணாடி தாங்கியது. பிளாஸ்டிக் தாங்கவில்லை.

அப்பா தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். அரை நாள் கறுப்பாக இருந்தது. பிறகு ரோட்டுப் புழுதி எல்லாம் அதில் வந்து உட்கார்ந்தது. மண்ணெண்ணெயில் துடைத்தார். பூட்ஸ் பாலிஷ் போட்டார். அது சின்ன முதலாளியின் வெள்ளை பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு அவர் வீட்டில் பெரிய சண்டை ஆனது.

அந்த வருஷம் மழைக்காலம் ஆரம்பிக்கும் முன், சின்ன முதலாளி மெட்ராசுக்குப் புறப்பட்டார். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிற பையரை அங்கே பார்த்து, கூட்டிக்கொண்டு ரயிலில் காட்பாடிக்கு வருவார். அப்பா வண்டியோடு ஸ்டேஷனில் நிற்க வேண்டும். புறப்படும்போது சின்ன முதலாளி செருப்பு நுனியால் பம்பரைத் தொட்டார். நான் ஷெட்டு ஜன்னலில் தோல்களைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆபேல், இது வண்டியா, அடுப்பா? கறுப்புத் தோல் விக்கிறவன் வண்டி இப்படியா இருக்கும்? வர்றவன் முதல்ல பாக்கறது இததான்."

"புதுசு மாத்திடலாம் சார்."

"எங்க கெடைக்குது? சொல்லி வெச்சு எவ்ளோ நாளாவுது? அடுத்த வெள்ளிக்கிழமை நான் காட்பாடியில எறங்கறப்ப இது கறுப்பா இருக்கணும். இல்லேன்னா சாவிய வெச்சுட்டு நீ உன் பழைய எடத்துக்கே போயிடு. காரை நிழல்ல நிறுத்தத் தெரிஞ்சவனா ஒரு ஆளப் பாத்துக்கறேன்."

பழைய இடம் என்றால் சுண்ணாம்புத் தொட்டி. பச்சைத் தோலை ஊறவைத்து மயிர் கழிக்கிற இடம். நான் சிறுமியாக இருந்தபோது அப்பா அங்கேதான் இருந்தார். கை வெடித்து, வெடிப்பு ஆறுவதற்குள் மறுபடி வெடிக்கும். எங்களைத் தொடமாட்டார். சர்ச்சில் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டும்போது வேட்டியில் துடைத்துத் துடைத்து நீட்டுவார். கம்பெனி வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஸ்டியரிங் பிடித்து ஒரு வருஷம் ஆன பிறகு, ஒரு நாள் என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன். கண்ணைத் திறந்தால் கையை எடுத்துவிடுவார் என்று பயம்.

சின்ன முதலாளி போனதும் அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மத்தியானம் ராஜம்மாக்கா மரத்தடியிலிருந்து எழுந்து அவரிடம் போனாள். பினிஷிங் ஷெட்டில் சாயம் கலக்குகிறவள் அவள்தான்.

"ஆபேலண்ணே, நிழல்ல உக்காந்து சாப்பிட்டது நாங்க. வெளுத்தது உங்க வண்டி. கொண்டாங்க இங்க."

"இன்னாம்மா பண்ணுவீங்க?"

"நாள் பூரா இன்னா பண்றோம்?"

நசீமா ஆபா கையைக் கழுவிக்கொண்டே வந்தாள். அவள் முழுப் பெயர் நசீமுன்னிசா; ஆபா என்றால் அக்கா. "வெள்ளாட்டுத் தோலையே கறுப்புக் கண்ணாடியா மாத்தறோம். இது இன்னா, பெரிய மகாராணியா?" என்றாள்.

அப்பா காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து மர நிழலில் விட்டார். வந்த முதல் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தக் கார் நிழலைப் பார்த்தது.

ராஜம்மாக்கா கலக்கும் கறுப்புக்கு ஷெட்டில் சீசன் என்று பெயர். கறுப்புச் சாயத் தூள், பால், முட்டை வெள்ளைக் கரு, காய்ந்த ரத்தப் பொடி. சட்டியில் சுற்றி அடிக்கும்போது மேலே சாம்பல் நுரை நிற்கும். நுரையை ஊதி விலக்கினால் உள்ளே ஆழமே தெரியாது. அதைப் பஞ்சுக் கட்டையால் தோலில் தேய்த்துக் காயவைத்து, கண்ணாடி உருளை மிஷினில் கொடுப்போம். உருளை ஒரு தடவை போய் வந்தால் தோல் விழித்துக்கொள்ளும். இரண்டாவது தடவையில் கூரையில் தொங்கும் பல்பு அதில் தெரியும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்று வரும்.

பம்பரில் முதல் பூச்சு நிற்கவில்லை. எண்ணெய் தேய்த்த தோசைக்கல்லில் தண்ணீர் விட்ட மாதிரி உருண்டு உருண்டு ஓடியது.

"குடிக்கமாட்டேங்குதே" என்றாள் ராஜம்மாக்கா.

"ஆபேலண்ணன் வண்டிதானே, அவரு மாதிரியே இருக்குது" என்றாள் நசீமா ஆபா.

ராஜம்மாக்கா இன்னும் முட்டை உடைத்துக் கெட்டியாக்கினாள். மூன்றாவது பூச்சு நின்றது. அது காய்ந்ததும், உருளைக்குப் பதிலாகச் சோடா பாட்டிலால் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து தேய்த்தோம். மேஸ்திரி ஆதிகேசவன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மேல பார்மலின் அடிக்கலியா? இல்லேன்னா சீசன் கெட்டிப்படாதே."

"அடிச்சா உள்ள உக்கார்றவன் கண்ணு எரியும். பையர் அழுதுகினே எறங்குவான். வேணாம்" என்றாள் ராஜம்மாக்கா.

சாயங்காலம் எல்லாரும் கைகழுவப் போன பிறகு நான் குனிந்து பார்த்தேன். அவள் வந்திருந்தாள். மூக்கு பெரிதாக, கண்கள் தூரமாக. புங்க இலைகள் அவள் தலைக்கு மேல் கறுப்பாக ஆடின.

மறுநாள் அப்பாவுக்குப் பள்ளிகொண்டாவில் ஒருவரிடம் சாம்பிள் தோல் கொடுக்கிற வேலை இருந்தது. வண்டி ஓடினால் பூச்சு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். ராஜம்மாக்கா ஒரு சின்ன பாட்டிலில் சீசனை ஊற்றி, பஞ்சுக் கட்டையோடு என் கையில் கொடுத்தாள்.

"எங்கனா உதுந்தா தொட்டு விடு கண்ணு. நீ போ. நீதான் வெளியே யாருகிட்டயும் வாயத் தொறக்கமாட்டே."

நான் அதுவரை காரில் உட்கார்ந்ததில்லை. அப்பா முன்சீட்டின் கதவைத் திறந்துவிட்டு, முதலாளிக்குச் செய்கிற மாதிரியே ஓரமாக நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கண்ணாடி ஏற்றியதும் ஊர்ச் சத்தம் எல்லாம் பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி ஆனது. ரோட்டோரப் புளிய மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி என் மடியில் விழுந்து, பாட்டில் மேல் ஏறி, இறங்கிப் போயின. மரங்கள் விட்ட இடத்தில் பாலாற்று மணல் தெரிந்தது. தண்ணீர் இல்லை. மணலே படுத்துக்கொண்டு மெதுவாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறக்காமல் ஒரு கீர்த்தனையை முனகினார். வீட்டில் பார்க்கிற அப்பா இல்லை இவர். இந்த அப்பாவுக்குத் தோள்கள் அகலம். இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் சும்மா கிடந்தன, தூங்குகிற குழந்தையின் மேல் கை போட்ட மாதிரி. இந்த ரோடு முடியாமல் ஜோலார்பேட்டை, பெங்களூர் என்று உலகத்தைச் சுற்றி மறுபடி எங்கள் கேட்டுக்கே வந்து சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான், நாங்கள் போவது எதிர்ப்பக்கம் என்பது ஞாபகம் வந்தது.

பள்ளிகொண்டாவில் சாமி படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் எழுந்துவிடக் கூடாது என்றுதானோ என்னவோ, அந்த ஊரில் எல்லாமே மெதுவாக நடந்தது. சைக்கிள் மணிகூட யோசித்து யோசித்து அடித்தது. அப்பா ஒரு டீக்கடை பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, சாம்பிளைக் கொடுக்கப் போனார்.

ஒரு பசு வந்தது. செவலை நிறம், கொம்பில் மஞ்சள். காரை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டிப் பம்பரை நக்கியது.

பாலும் முட்டையும் ரத்தமும் சேர்ந்த ருசி அதற்கு எப்படி இருந்ததோ, கண்ணை மூடிக்கொண்டது. நாக்கு போன இடத்தில் ஒரு சாம்பல் ரோடு வந்தது. பக்கத்தில் இன்னொரு ரோடு. நான் கத்தி விரட்டியிருக்க வேண்டும். கதவைத் திறந்தேன், இறங்கினேன், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசு அவ்வளவு நிம்மதியாக நக்கிக்கொண்டிருந்தது.

"ஏய்! ஏய்! போ!" அப்பா ஓடி வந்தார்.

டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். "இன்னா டிரைவரே, பம்பருக்கு வெல்லம் தடவி வெச்சியா?"

"முட்டை. பால்" என்றார் அப்பா, வேறு எதுவும் தோன்றாமல்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஆம்லெட் போட்டிருப்பேனே!"

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் மண்டி போட்டு, சீசனைத் தொட்டு நக்கின இடத்தில் தேய்த்தேன். ஈரம் பட்டதும் பக்கத்திலிருந்த பூச்சும் எழும்பியது. கட்டையோடு ஒரு கறுப்பு ஏடு உரிந்து வந்தது. அப்பா அதை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அதன் வழியாகச் சூரியன் பழுப்பாக, குளிர்ந்து போன மாதிரி தெரிந்தது. லேசாக ஊதினார். ஏடு எழும்பி, ரோட்டைத் தாண்டி, ஒரு கூரைக்கு மேல் போய்விட்டது.

திரும்பி வரும்போது கீர்த்தனை இல்லை. மாதனூர் தாண்டின பிறகு அப்பா கேட்டார்.

"கிருபா, சுண்ணாம்புத் தொட்டிப் படி இன்னும் வழுக்குதா?"

"தெரியாதுப்பா" என்றேன். வழுக்குகிறது என்று எனக்குத் தெரியும்.

ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். பம்பரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முன்பைவிட மோசம். பாதி உரிந்த சுவர் மாதிரி இருந்தது. ராஜம்மாக்கா விரலால் சுரண்டிப் பார்த்தாள்.

"சீசன்ல தப்பில்லண்ணே. நேத்து இதே சட்டியில போட்டதுதான், அதோ தொங்குது பாருங்க. தோல்ல நிக்குது. இதுல நிக்கல."

"அப்ப அதுக்கும் ஒரு தோலப் போடு!" என்றாள் நசீமா ஆபா.

எல்லாரும் சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு யாரும் வேலையைத் தொடவில்லை. ராஜம்மாக்கா நசீமா ஆபாவைப் பார்த்தாள். நசீமா ஆபா பம்பரைப் பார்த்தாள். அவள் இங்கே வருவதற்கு முன் ஷூ கம்பெனியில் இருந்தவள். மரக்கட்டையின் மேல் ஈரத் தோலை இழுத்துப் பாதம் ஆக்குகிறவர்களைத் தினம் பார்த்தவள்.

"இழுக்கலாம்" என்றாள் கடைசியில். "மூலைங்கதான் பேஜார். ஆனா இழுக்கலாம்."

ரிஜெக்ஷன் குவியலில் நீளமான இரண்டு மாட்டுத் தோல்களை எடுத்தோம். உண்ணி கடித்த புள்ளிகள் இருந்ததால் கழித்துப் போட்டவை. ஆதிகேசவன் அண்ணன் வாசலில் நின்றார். "இதெல்லாம் செருப்புக்காரங்களுக்குப் போறது. நான் இங்க நிக்கவே இல்ல, பாத்துக்குங்க" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

அப்பா ஸ்பேனர் போட்டுப் பம்பர்களைக் கழற்றினார். கழற்றினதும் கார் பல் இல்லாத வாய் மாதிரி ஆகிவிட்டது. தோலை நனைத்து, பிளாஸ்டிக்கில் ஒட்டுச் சொல்யூஷன் தடவி, நசீமா ஆபா இடுக்கியால் இழுக்க, நாங்கள் இரண்டு பக்கமும் தொங்கினோம்.

"இழுங்கடி! நேத்து ராத்திரி சோறு தின்னீங்களா இல்லியா?"

"நீ மொதல்ல காலை எடு ஆபா, என் பாவாடை மேல நிக்கற!"

மூலையில் வந்த சுருக்கங்களைப் பாட்டில் அடியால் தட்டித் தட்டிப் படியவைத்தது நான். பின்பக்கம் மெழுகு நூலால் தைத்தோம். கயிறு சுற்றி நிழலில் போட்டு, காய்ந்ததும் கயிற்றை அவிழ்த்தோம். தோல் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று தெரியவில்லை. இந்தத் தடவை ராஜம்மாக்காவின் சீசன் வைத்ததுமே உள்ளே போனது. குடித்தது. இன்னும் கொடு என்று கேட்டது. கழற்றித்தானே இருக்கிறது என்று பார்மலினும் அடித்து, நெடி போகக் காற்றில் தொங்கவிட்டோம். வியாழக்கிழமை அப்பா திரும்ப மாட்டினார்.

பழைய கறுப்பு இல்லை அது. அது கடையில் வாங்கின கறுப்பு. இது பக்கத்தில் போனால் மூச்சு விடும் போலிருந்தது. இடது மூலையில் ஒரு கோடு. அந்த மாடு எப்போதோ எந்த வேலியிலோ கீறிக்கொண்டு ஆறின தழும்பு. அதை மறைக்க வேண்டாம் என்று ராஜம்மாக்கா சொல்லிவிட்டாள்.

ஆனால் அப்பா சந்தோஷப்படவில்லை. "கறுப்பா இருக்கணும்னுதான் சொன்னாரு. தோல் போடச் சொல்லலியே" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் காட்பாடிக்குப் புறப்படும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அன்றைக்கு நான் தேய்த்த தோல் எதுவும் ஒழுங்காக வரவில்லை. மத்தியானம் தாண்டி, கேட்டில் ஹாரன் கேட்டது. ஷெட்டில் இருந்த எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டோம். கார் நின்றது. கிழவனும் அல்லாத வாலிபனும் அல்லாத ஒரு உயரமான வெள்ளைக்காரர் இறங்கினார். ஆபீசுக்குப் போகவில்லை. நேராக முன்னால் வந்து, பேன்ட் முட்டியை மண்ணில் வைத்து மண்டி போட்டார். பம்பரை மோந்து பார்த்தார். கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். ராஜம்மாக்கா என் தோளைப் பிடித்திருந்தாள், எனக்கு வலித்தது. விரலில் கறுப்பு இல்லை. அவர் இடது மூலைக்கு நகர்ந்து அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார். சின்ன முதலாளி பக்கத்தில் நின்று, கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"சிரிக்கிறாரு" என்றாள் நசீமா ஆபா.

"பையர்கிட்ட சிரிக்கிறாரு. ஆபேலண்ணனப் பாத்துச் சிரிக்கலியே" என்றாள் ராஜம்மாக்கா.

சாயங்காலம் பையரை ஓட்டலில் விட்டுவிட்டு அப்பா வந்தார். சின்ன முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டார். சாம்பிள் துண்டுகளைக் கட்டி வைக்க என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். நான் மூலையில் நூலைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அப்பா உள்ளே வந்ததும் சின்ன முதலாளி கேட்பதற்கு முன்பே சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"யாரக் கேட்டுத் தோலப் போட்டே?"

"யாரையும் கேக்கல சார்."

"ஸ்டேஷன்ல அதப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இங்க வந்து எறங்கினவன் நேரா அதுகிட்டதான் குனியறான். லெதரான்னு கேக்கறான். நான் இன்னா சொல்றது?"

முற்றத்தில் சொன்ன பதில் அப்பா காதில் விழுந்திருக்கும், புரிந்தும் இருக்கும். இத்தனை வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்து பின்சீட்டு இங்கிலீஷ் கேட்டவர்.

"என் ஐடியான்னு சொல்லிட்டேன்" என்றார் சின்ன முதலாளி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "அடுத்த வருஷம் அவன் சம்சாரத்தக் கூட்டிக்கினு வர்றானாம். இதக் காட்டணுமாம்."

அவர் மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பினார்.

"மழையில இது இன்னாகும்?"

"ஊறும் சார். காஞ்சா வெடிக்கும். வாரா வாரம் எண்ணெய் போட்டுக்கினே இருக்கணும். தோல் கேக்கறப்ப கேக்கறப்ப குடுக்கணும்."

"எப்பக் கேக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். தொட்டியில இருந்தவன்தானே."

சின்ன முதலாளி சாவியை ஒரு விரலால் தள்ளினார். அது மேஜையில் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. அப்பா எடுத்துக்கொண்டார். நான் நூலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினேன்.

மறுநாள் மத்தியானம் மரத்தடியில், சின்ன முதலாளி 'மை ஐடியா' என்று சொன்னதை அப்பா அப்படியே அவர் குரலில் செய்து காட்டினார். நசீமா ஆபா தன் கையை விரித்துக் காட்டினாள். "அவரு ஐடியாவா? அப்ப என் விரல்ல ஏன் கொப்புளம்?" புரையேறி யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அப்பா பம்பருக்கு மீன் எண்ணெய் போடுகிறார். உள்ளங்கையில் ஊற்றி, சூடு வரும்வரை தேய்த்து, மெதுவாகக் கொடுக்கிறார். அந்த வாசனைக்கு நாய்கள் வருகின்றன. பஜாரில் வண்டி திரும்பினால் ஒன்று எழுந்து பின்னால் வரும். பள்ளிவாசல் தெரு முனையில் இரண்டு சேரும். ரயில்வே கேட் போவதற்குள் ஒரு கூட்டமே ஆகிவிடும். குரைப்பதில்லை, கடிப்பதில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பாதி மூடின கண்களோடு, கனவில் ஓடுகிற மாதிரி ஓடிவருகின்றன. பின்சீட்டில் சின்ன முதலாளி பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்காதவராக உட்கார்ந்திருப்பார். அப்பா ஹாரன் அடிப்பதில்லை. கடைசியாக வருகிற நொண்டி நாயும் வந்து சேரட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே ஓட்டுகிறார்.